சமநிலையில் கிடைத்த கோப்பை: ஃப்ரூக்கி கிராம அணியின் 1985ஆம் ஆண்டுப் பருவம் – ஒரு நிகழ்வு ஆய்வு

பிரிட்டனின் கிராம அணிகளுக்கான தேசியக் கிரிக்கெட் கோப்பையின் இறுதி ஆட்டம் 1985 செப்டம்பர் 1 ஞாயிற்றுக்கிழமை லண்டன் லார்ட்ஸ் மைதானத்தில் நடைபெற்றது. முதலில் பேட் செய்த இங்கிலாந்துக் கிராமமான ரோலெட்ஜின் அணி 134 ரன்களுக்கு ஆல் அவுட் ஆனது. அடுத்து ஆடிய, ஸ்காட்லாந்தின் ஃப்ரூக்கி அணி தனக்குரிய 40 ஓவர்களில் 8 விக்கெட்டுகளை இழந்து அதே 134 ரன்களை எடுத்தது. ரன் கணக்கில் யாரும் யாரையும் முந்தாத நிலையில், குறைவான விக்கெட்டுகளை இழந்த அணியே வென்றதாகும் என்ற விதியின்படி கோப்பை ஃப்ரூக்கிக்குப் போயிற்று. ஸ்காட்லாந்துக் கிராமம் ஒன்று இந்தக் கோப்பையை வென்றது அதுவே முதல் முறை.

இந்த முடிவை அதிர்ஷ்டம் என்று சொல்லிக் கடந்துபோவது எளிது. ஆனால் விதி ஆட்டம் முடிந்தபின் எழுதப்பட்டதல்ல. பருவம் தொடங்கும் முன்பே இரு அணிகளுக்கும் தெரிந்திருந்தது. அந்த விதி அளந்த இரண்டு காரியங்களை, அதாவது எதிரணியைக் கடைசி ஆள் வரை வீழ்த்துவதையும் தன் கைவசம் விக்கெட் மீதம் வைத்திருப்பதையும், அன்று ஃப்ரூக்கி செய்தது, ரோலெட்ஜ் செய்யவில்லை. எனவே அந்த வெற்றியை ஆட்டத்தில் ஈட்டிய வெற்றியாகவே கொள்ள வேண்டும் என்பது இந்த ஆய்வின் நிலைப்பாடு. அதை நிறுவுவதற்கு, ஊதியம் பெறாத ஒரு கிராம அணி எந்தச் சூழலிலிருந்து அந்த மைதானம் வரை வந்தது என்பதையும், ரன்கள் சமமாகும் ஆட்டங்களைக் கிரிக்கெட் பல காலங்களில் எப்படித் தீர்த்துவந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஊரும் கிளப்பும்

ஃப்ரூக்கி, ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில் ஃபைஃப் பகுதியில் உள்ள சிற்றூர். மக்கள்தொகை ஆயிரத்தைச் சற்றே தாண்டும். பழைய காலத்தில் லினன் நெசவு இவ்வூரின் முக்கியத் தொழில்களில் ஒன்று. அருகில் உள்ள ஃபால்க்லாந்தில் ஸ்டூவர்ட் அரச குலத்தாரின் வேட்டை அரண்மனை இருக்கிறது. அரசவையில் மதிப்பிழந்தவர்களை அந்தக் காலத்தில் ஃப்ரூக்கிக்கு விரட்டினார்கள் என்று ஒரு கதை அந்தப் பக்கத்தில் வழங்குகிறது. "ஃப்ரூக்கிக்குப் போய் எலியைத் தின்னு" என்ற வசைமொழி இன்றும் ஸ்காட்லாந்தில் பேச்சுவழக்கில் உண்டு. எவரையேனும் துரத்துவதற்குப் பெயர்போன ஊர், ஒரு செப்டம்பர் மாதத்தில் லார்ட்ஸின் வெற்றிப் பட்டியலில் ஏறிக்கொண்டதை அந்த ஊர்க்காரர்கள் எவ்வளவு ரசித்திருப்பார்கள் என்பதை நம்மால் ஊகிக்க முடியும்.

கிரிக்கெட் கிளப் 1908இல் தொடங்கப்பட்டது. ஸ்காட்லாந்து என்றால் கால்பந்து என்றே வெளியில் பலரும் நினைத்தாலும், அந்நாட்டின் கிழக்குப் பகுதிகளில், குறிப்பாக பெர்த், ஃபைஃப், எடின்பரோ வட்டாரங்களில், கிரிக்கெட்டுக்கு நெடுங்கால வேர் உண்டு. ஆயினும் ஒரு சிற்றூர் கிளப்பின் நடைமுறை எங்கும் ஒன்றுபோலத்தான்: ஆடுகளத்தில் உருளை ஓட்டுவதும், புல் வெட்டுவதும், திரைப் பலகையை நகர்த்துவதும், சந்தா வசூலிப்பதும், ஆட்டநாளில் பந்து வீசுவதும் பெரும்பாலும் ஒரே ஆட்களே. மட்டை, பந்து, எல்லைக் கயிறு ஆகியவற்றுக்கான செலவைக் குலுக்குச் சீட்டும் மாலை விருந்தும் ஈடுகட்டும். ஆட்டத்தின் நடுவே இரு அணிகளுக்கும் தேநீரும் தின்பண்டமும் தருவது பிரிட்டிஷ் கிராமக் கிரிக்கெட்டில் தவிர்க்க இயலாத சடங்கு. அந்தப் பொறுப்பு பெரும்பாலும் ஊர்ப் பெண்களின் தலையில்தான் விழுந்தது.

1985ஆம் ஆண்டு அணியின் பட்டியலைப் படிப்பவருக்கு முதலில் கண்ணில் படுவது, ஒரே குடும்பப்பெயர்கள் இரண்டிரண்டு முறை வருவதே. வெளியூரிலிருந்து ஆள் சேர்க்காமல், ஊருக்குள்ளேயே வளர்ந்தவர்களைக் கொண்டு பல பருவங்கள் ஆடிய அணி என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. கேப்டன் டேவ் கிறிஸ்டி அப்போது நாற்பது வயதைக் கடந்தவர். கண்டிப்புக்குப் பெயர் பெற்றவர். ஊதியம் வாங்காத ஆட்களிடம் கண்டிப்புக் காட்டுவது தொழில்முறை அணியில் காட்டுவதைவிடக் கடினமானது. சம்பளத்தை நிறுத்துவேன் என்று மிரட்ட வழியில்லை. மனம் கசந்தால் ஒருவன் அடுத்த வாரம் வராமலே இருந்துவிடலாம். அப்படி வராமல் போகிறவன் அடுத்த தெருக்காரனாகவோ உறவினனாகவோ இருப்பான். அத்தகைய அணியில் ஒழுங்கு நிலைத்திருந்தது என்றால், அதை ஆட்களே ஏற்றுக்கொண்டிருந்தார்கள் என்று பொருள்.

கோப்பையின் அமைப்பு

கிராமங்களுக்கான தேசியக் கோப்பை 1972இல் தொடங்கியது. 'தி கிரிக்கெட்டர்' இதழை நடத்திய, சாமர்செட் அணியின் முன்னாள் கேப்டன் பென் ப்ரொக்கில்ஹர்ஸ்ட் அதன் பின்னணியில் இருந்தவர். ஹெய்க் விஸ்கி நிறுவனம் முதலில் பொருளுதவி செய்தது. சுற்றிலும் திறந்தவெளி சூழ்ந்த, 2,500 பேருக்கு மேற்படாத மக்கள்தொகை கொண்ட ஊராக இருக்க வேண்டும் என்பது தொடக்ககால விதி. ஆடுபவர்கள் ஊதியம் பெறாதவர்களாக இருக்க வேண்டும். முதல் ஆண்டிலேயே ஏறத்தாழ 800 கிளப்புகள் சேர்ந்தன என்பது, அப்படியொரு போட்டிக்கு எவ்வளவு பசி இருந்தது என்பதைக் காட்டுகிறது. அந்த ஆண்டு கார்ன்வாலின் சுரங்கப் பகுதியைச் சேர்ந்த ட்ரூன் கிராமம் வென்றது. கேப்டன் டெரி கார்ட்டர் லார்ட்ஸில் ஆட்டமிழக்காமல் 79 ரன்கள் எடுத்தார். 1973, 1976 ஆண்டுகளிலும் ட்ரூனே கோப்பையை எடுத்துச் சென்றது.

வட்டாரப் பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டு, பிரிவில் வென்றவை தேசியச் சுற்றுகளுக்கு ஏறி, இறுதியில் இரண்டு அணிகள் மட்டும் லார்ட்ஸுக்குப் போகும். ஒரு தோல்வியுடன் ஆண்டு முடிந்துவிடும். இந்த அமைப்பு, கிராம அணிகள் வாரந்தோறும் ஆடிவந்த உள்ளூர் லீக்கின் இயல்புக்கு நேர் எதிரானது. லீக்கில் ஒரு சனிக்கிழமை கைவிட்டதை அடுத்த சனிக்கிழமை மீட்கலாம்; மழை பெய்தால் புள்ளிகளைப் பகிர்ந்துகொள்ளலாம்; ரன்கள் சமமானாலும் புள்ளிகளைப் பிரித்துக்கொண்டு தேநீர் குடிக்கப் போய்விடலாம். நாக் அவுட் கோப்பையில் யாராவது ஒருவர் வீட்டுக்குப் போயே ஆக வேண்டும். சமநிலைக்கு ஒரு விதி தேவைப்பட்டதே இதனால்தான்.

லீக் என்ற அமைப்பே பிரிட்டனில் எல்லா இடத்திலும் ஒரே காலத்தில் வந்ததல்ல. பர்மிங்காம் வட்டாரத்தில் 1889இலும் லங்காஷயரில் 1892இலும் லீக்குகள் வேரூன்றிவிட்டன. தெற்கின் பெரிய கிளப்புகளோ புள்ளிப் பட்டியலுக்காக ஆடுவது கனவான்களுக்கு அழகல்ல என்ற நினைப்பில் பல பத்தாண்டுகளைக் கழித்தன. சர்ரே சாம்பியன்ஷிப் தொடங்கியது 1968இல்தான். ஆனால் அதே தெற்கில், சர்ரே–ஹாம்ப்ஷயர் எல்லையில், 1901 முதலே ஐ'ஆன்சன் போட்டி என்ற கிராம லீக் நடந்துவந்தது. ரோலெட்ஜ் இருப்பது அந்த எல்லை வட்டாரத்தில், ஃபார்ன்ஹாம் நகருக்கு அருகே. கனவான்கள் தயங்கிய காலத்தில் கிராமத்தார் புள்ளிப் பட்டியல் போட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள் என்பது, கிராமக் கிரிக்கெட்டைச் சோம்பலான ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்காக மட்டும் வரைந்து காட்டும் எழுத்துகளில் இடம்பெறாத செய்தி.

1985க்கு முந்தைய பதின்மூன்று இறுதி ஆட்டங்களில் வேல்ஸ் கிராமங்கள் ஐந்து முறை வென்றிருந்தன: கோவர்ட்டன் 1975இலும், மார்ச்வீல் 1980, 1984 ஆண்டுகளிலும், செயின்ட் ஃபேகன்ஸ் 1981, 1982 ஆண்டுகளிலும். மற்றவை யாவும் இங்கிலாந்துக்கே. ஸ்காட்லாந்து அணிகளுக்கு நிலவியலே ஒரு தடை. தங்கள் பகுதியில் வென்று மேலே வந்தால் அடுத்தடுத்து இங்கிலாந்துக் கிராமங்களைச் சந்திக்க வேண்டும். ஞாயிறு ஆட்டம் முடிந்து திங்கட்கிழமை காலையில் வேலைக்குப் போக வேண்டிய ஆட்களுக்கு நெடும் பேருந்துப் பயணம் சாதாரணக் காரியமல்ல. வடக்கில் கோடை குறுகியது. அந்த ஆண்டுக் கோடை ஸ்காட்லாந்தில் மிகுந்த மழையுடன் கழிந்தது வேறு. ஜூன் மாதத்தில் இரவு பத்து மணி வரை வெளிச்சம் நிற்பது மட்டுமே அவர்களுக்கு இயற்கை தந்த சலுகை.

லார்ட்ஸில் ஒரு ஞாயிறு

அன்றைய தேதிக்கு ஒரு தனிச் சிறப்பு இருந்தது. இங்கிலாந்தும் ஆஸ்திரேலியாவும் மோதும் ஆஷஸ் தொடரின் கடைசி டெஸ்ட் ஆகஸ்ட் 29 அன்று அதே நகரின் ஓவல் மைதானத்தில் தொடங்கியிருந்தது. செப்டம்பர் 1 அதற்கு ஓய்வு நாள். மறுநாள் ஆஸ்திரேலியா இரண்டாவது இன்னிங்ஸில் 129 ரன்களுக்குச் சுருண்டு, தொடர் 3–1 என இங்கிலாந்துக்குப் போனது. இரண்டு டெஸ்ட் நாட்களுக்கு இடையே வாய்த்த அந்த ஞாயிற்றில், லண்டனில் கிரிக்கெட் பார்க்க விரும்பியவருக்கு லார்ட்ஸில் கிராமங்கள் இரண்டு காத்திருந்தன.

ஃப்ரூக்கியிலிருந்து லார்ட்ஸ் ஏறத்தாழ 700 கிலோமீட்டர். ஊர் மக்கள் பேருந்துகளில் வந்திறங்கினார்கள். பைப் இசைக் கலைஞர் ஒருவர் முன்னே வாசித்துச் செல்ல, அணி கிரேஸ் வாசல் வழியாக உள்ளே நுழைந்தது, டபிள்யூ. ஜி. கிரேஸின் நினைவாக 1923இல் எழுப்பப்பட்ட அந்த வாசல் பைப் ஓசையை அடிக்கடி கேட்டதில்லை. அந்தக் காட்சியின் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். மைதானத்தின் உரிமையாளரான எம்சிசி (மேரில்போன் கிரிக்கெட் கிளப்) 1998 வரை பெண்களை உறுப்பினராகச் சேர்க்கவில்லை. ஆட்ட நேரத்தில் பெவிலியனுக்குள் பெண்களுக்கு இடமும் இல்லை. பருவம் முழுவதும் தேநீர் போட்டு அணியை நடத்திச் சென்ற பெண்கள், தங்கள் வீட்டு ஆண்கள் பெவிலியனின் லாங் ரூம் என்ற கூடத்தின் வழியாகக் களத்துக்கு இறங்கியதை வெளியிலிருந்துதான் பார்க்க முடிந்தது.

கிராம மைதானத்தில் பழகியவருக்கு லார்ட்ஸ் இரண்டு வகையில் சிக்கல் தரும். முதலாவது, அதன் சரிவு: வடமேற்கு மூலைக்கும் தென்கிழக்கு மூலைக்கும் இடையே ஏறத்தாழ 2.5 மீட்டர் உயர வேறுபாடு. ஒரு முனையிலிருந்து வீசும் பந்து வலதுகை ஆட்டக்காரருக்குச் சரிவோடு உள்ளே வரும். மறுமுனையிலிருந்து வீசினால் வெளியே விலகும். வாழ்நாளெல்லாம் அங்கே ஆடியவர்களே தடுமாறும் இடத்தில், ஒரே நாளுக்கு வந்தவர்கள் தாங்கள் பந்து வீசும் கோடுகளைச் சில ஓவர்களுக்குள் திருத்திக்கொள்ள வேண்டியிருந்தது. இரண்டாவது, பரப்பு. ஊர்க் களத்தில் நான்கு ரன்களாகும் அடி, இங்கே இரண்டு ரன்களில் நின்றுவிடும். ஓட்டமும் எறிதலும்தான் கணக்கைத் தீர்மானிக்கும்; நாற்பது வயதுக் கால்களுக்கு அது சோதனை.

134 என்ற எண்ணை இந்தப் பின்னணியில்தான் படிக்க வேண்டும். 40 ஓவர்களில் 134 என்பது ஓவருக்கு 3.35 ரன், 1985இன் கிராமக் கிரிக்கெட்டுக்கும்கூட அது பெரிய இலக்கல்ல. முதல் இறுதி ஆட்டத்தில் ட்ரூன் எடுத்தது 170. ஒவ்வொரு பந்துவீச்சாளருக்கும் ஓவர் வரம்பு இருந்ததால் குறைந்தது ஐந்து பேர் வீசியாக வேண்டும். நல்ல வீச்சாளர் இருவரை வைத்துக்கொண்டு நாளெல்லாம் ஓட்டிவிடும் கிராமத்துப் பழக்கம் இங்கே செல்லாது. அப்படியிருந்தும் ஃப்ரூக்கி எதிரணியின் பத்து விக்கெட்டுகளையும் எடுத்தது. ஒருநாள் ஆட்டத்தில் பத்து விக்கெட்டையும் எடுப்பது கட்டாயமல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். ரன்களைக் கட்டுப்படுத்தினால் போதும் என்று களத்தைப் பரப்பி நிறுத்திவிட்டு ஓவர்களைக் கழிக்கும் கேப்டன்கள் ஏராளம். அன்று அப்படிக் கழித்திருந்தால் மாலையில் என்ன ஆகியிருக்கும் என்பதைக் கீழே பார்க்கலாம்.

விக்கெட்டின் விலை

ரோலெட்ஜ் ஆல் அவுட் ஆன நொடியில் ஃப்ரூக்கியின் உண்மையான இலக்கு 135 அல்ல, 134 ஆகிவிட்டது. பத்தாவது விக்கெட் விழாதவரை, ரன்கள் சமமானாலே வெற்றி. பலகையில் யாரும் எழுதிப் போடாத இந்த ஒரு ரன், ரோலெட்ஜின் கடைசி விக்கெட்டுகளை விடாமல் பறித்ததால் வந்த வட்டி.

எண்களை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தால் இது தெளிவாகும். ரோலெட்ஜ் 134 ரன்களுக்கு 9 விக்கெட் என்று முடித்திருந்தாலும், 8 விக்கெட் மட்டும் இழந்த ஃப்ரூக்கியே வென்றிருக்கும். 8 விக்கெட் என்று முடித்திருந்தால் விக்கெட் கணக்கும் சமமாகி, அடுத்த நிலை விதியைத் தேட வேண்டி வந்திருக்கும். 7 விக்கெட்டுடன் முடித்திருந்தால் கோப்பை ரோலெட்ஜுக்கு. ஆக, ரோலெட்ஜ் இன்னிங்ஸின் கடைசி மூன்று விக்கெட்டுகள், சாதாரணமாக யாரும் நினைவில் வைத்துக்கொள்ளாத வால்பகுதி விக்கெட்டுகள், ஆட்டத்தின் முடிவைத் தங்களுக்குள் வைத்திருந்தன. அவை விழுந்த நேரத்தில் அப்படியொரு முக்கியத்துவம் அவற்றுக்கு உண்டென்று களத்தில் இருந்த யாருக்கும் தெரிந்திருக்க வழியில்லை. பிற்பகல் முழுவதும் தளராமல் ஃபீல்டிங் செய்த அணிக்கு, மாலையில்தான் அதன் கணக்கு வந்து சேர்ந்தது.

மறுபுறம், சேஸ் செய்த ஃப்ரூக்கி 8 விக்கெட்டுகளில் நின்றதற்கும் இதே அளவு மதிப்பு உண்டு. கடைசி ஓவரில் நெருக்கடி முற்றும்போது இல்லாத ரன்னுக்கு ஓடி ரன் அவுட் ஆவதே கிராமக் கிரிக்கெட்டின் பழைய நோய். ரன்கள் சமமாகிவிட்டால் அதன்பின் வரும் பந்தைத் தடுத்தாடினாலே போதும். அந்தப் பந்தில் ஒரு விக்கெட் போனாலும் எண்ணிக்கை ஒன்பதுதான் ஆகும். வெற்றி ரன்னுக்காகத் தூக்கியடிக்க வேண்டிய தேவையே இல்லை. இந்தக் கணக்கு தெரிந்த ஆட்டக்காரருக்கும் தெரியாதவருக்கும் இடையிலான வேறுபாடு, பயிற்சி வலையில் எத்தனை மணி நேரம் அடித்தாலும் வராது. போட்டி விதிகளை ஆட்டத்துக்கு முந்திய நாளே ஒருமுறை உரக்கப் படித்தால் வரும். நம் ஊர்ப் பக்கத்து நாக் அவுட் போட்டிகளில், டை ஆனபிறகு ஒருங்கிணைப்பாளர் மேசையைச் சூழ்ந்துகொண்டு விதி கேட்கும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் கிராமக் கிரிக்கெட்டில் நேர வரம்பு ஆட்டங்கள் பரவலாக இருந்தன: முதலில் ஆடும் அணி தேநீர் வேளை சுமாருக்கு டிக்ளேர் செய்யும் (தன் இன்னிங்ஸைத் தானே முடித்துக்கொள்ளும்), எதிரணி இலக்கை எட்டவோ, முடியாவிட்டால் நேரம் முடியும்வரை விக்கெட்டைக் காத்து டிரா செய்யவோ முயலும். அங்கே பத்து விக்கெட்டும் எடுக்காமல் வெற்றி கிடையாது. ஒரே ஒரு விக்கெட்டைக் காத்துக்கொண்டாலும் தோல்வி கிடையாது. விக்கெட் என்பதற்கு ரன்னைவிட உயர்ந்த இடம் தந்த அந்த வடிவத்தில் வளர்ந்தவர்களுக்கு, ஓவர் வரம்புள்ள கோப்பையிலும் விக்கெட்டின் மதிப்பை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. குறைந்த விக்கெட் விதி, பழைய கிரிக்கெட் புதிய கிரிக்கெட்டுக்குள் விட்டுச் சென்ற எச்சம். ஃப்ரூக்கி போன்ற அணிக்கு அது தாய்மொழிபோலப் பழகிய சட்டம்.

அந்த விதி கிராமங்களுக்கென்று தனியாக வகுக்கப்பட்டதும் அல்ல. நான்கு ஆண்டுகளுக்கு முன், கவுண்டி (மாவட்ட) அணிகள் ஆடிய 1981 நாட்வெஸ்ட் கோப்பையின் இறுதி ஆட்டத்தில், இதே லார்ட்ஸில், நார்தாம்ப்டன்ஷயர் 9 விக்கெட்டுக்கு 235, டெர்பிஷயர் 6 விக்கெட்டுக்கு 235 என்று முடிந்து, டெர்பிஷயர் கோப்பையை எடுத்தது. ஃப்ரூக்கியின் வெற்றிக்கு ஒன்றரை ஆண்டுக்குப் பின், 1987 மார்ச் 20 அன்று ஹைதராபாத்தில், இந்தியா 44 ஓவர்களில் 6 விக்கெட்டுக்கு 212 எடுத்த ஆட்டத்தில் பாகிஸ்தான் 7 விக்கெட்டுக்கு 212 என்று நின்றது. கடைசிப் பந்தில் ஒரு ரன் எடுத்து ரன்களைச் சமன்செய்த அப்துல் காதிர் இரண்டாவது ரன்னுக்குத் திரும்பி ரன் அவுட் ஆனார், ஆட்டம் இந்தியாவுக்குப் போனது. ஒரு ரன்னோடு நின்றிருந்தால் விக்கெட் கணக்கும் ஆறுக்கு ஆறு என்று சமமாகவே இருந்திருக்கும். சர்வதேச ஆட்டக்காரரே சறுக்கிய இடம் அது.

அதே மைதானம், வேறு விதி

2019 ஜூலை 14 அன்று லார்ட்ஸில் நடந்த உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தை நினைவுகூராமல் இந்த ஆய்வை முடிக்க இயலாது. நியூசிலாந்து 8 விக்கெட்டுக்கு 241. இங்கிலாந்து 241 ஆல் அவுட். விக்கெட் கணக்கைப் பாருங்கள்: 34 ஆண்டுகளுக்கு முன் அதே புல்வெளியில் ரோலெட்ஜும் ஃப்ரூக்கியும் இழந்த அதே பத்தும் எட்டும். ஃப்ரூக்கிக்குக் கோப்பை கொடுத்த விதி அன்று நடைமுறையில் இருந்திருந்தால் உலகக் கோப்பை நியூசிலாந்துக்குப் போயிருக்கும். அதற்குப் பதில், இரு அணிகளும் தலா ஒரு ஓவர் ஆடும் சூப்பர் ஓவர் நடந்தது. அதிலும் 15க்கு 15 என்று சமமாகவே, அதிக பவுண்டரி அடித்த அணி என்ற கணக்கில், 26க்கு 17 என்று இங்கிலாந்து வென்றது. அந்தப் பவுண்டரி விதியை ஐசிசி அதே ஆண்டு அக்டோபரில் கைவிட்டு, முடிவு வரும்வரை சூப்பர் ஓவரைத் திரும்ப நடத்துவது என்று மாற்றியது.

2007 டி20 உலகக் கோப்பையில் டர்பனில் இந்தியா 9 விக்கெட்டுக்கு 141, பாகிஸ்தான் 7 விக்கெட்டுக்கு 141 என்று முடிந்த ஆட்டம் ஸ்டம்பைக் குறிபார்த்து எறியும் பவுல் அவுட்டில் 3–0 என இந்தியாவுக்கு வந்தது. விக்கெட் விதி இருந்திருந்தால் அது பாகிஸ்தானின் ஆட்டம். அன்று கொண்டாடிய நாம் இதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

சமநிலையைத் தீர்க்கும் வழிகளில் குறைந்த விக்கெட் விதியே நியாயமானது என்று நான் கருதுவதற்குக் காரணம், அது ஆட்டத்துக்கு வெளியே எதையும் தேடுவதில்லை. பவுல் அவுட்டும் சூப்பர் ஓவரும் நாள் முழுக்க ஆடிய ஆட்டத்தை ஒதுக்கிவைத்துவிட்டு வேறொரு சிறு ஆட்டத்தைக் கேட்கின்றன. பவுண்டரிக் கணக்கு, நான்காக வந்த நான்கு ரன்களை ஓடியெடுத்த நான்கு ரன்களைவிட மேலானதாக ஆக்குகிறது. விக்கெட்டோ, இரு அணிகளும் முதல் பந்திலிருந்தே பறிக்கவும் காக்கவும் முயன்ற பொருள். கிராமப் போட்டிக்கு இன்னொரு வசதியும் உண்டு: ஸ்கோர் புத்தகம் ஒன்று போதும். மின்விளக்கில்லாத மைதானத்தில், அந்தி சாயும் நேரத்தில், இன்னும் இரண்டு ஓவர் ஆட வெளிச்சம் இருக்கிறதா என்று அம்பயர்கள் வானத்தைப் பார்க்க வேண்டியதில்லை.

இதற்கு எதிர்வாதம் வலுவானதுதான். ஓவர் வரம்புள்ள ஆட்டத்தில் விக்கெட் என்பது செலவழிப்பதற்காகத் தரப்பட்ட முதல். பத்தையும் செலவழித்து 134 எடுத்தவரை எட்டைச் செலவழித்து 134 எடுத்தவரைவிடத் தாழ்ந்தவர் என்று சொல்ல முடியுமா என்று கேட்கலாம். மேலும், இரண்டாவதாக ஆடும் அணிக்கு எவ்வளவு இழக்கலாம் என்பது முன்கூட்டியே தெரியும். முதலில் ஆடுபவருக்குத் தெரியாது. ரோலெட்ஜ் தன் கடைசி ஆட்டக்காரர்களை இழந்தது, மேலும் சில ரன்கள் சேர்க்கும் முயற்சியில்தான் என்றால், அந்த முயற்சிக்கே தண்டனை கிடைத்ததாகிவிடும். இந்த இரண்டாம் வாதத்தை நான் முழுமையாக மறுக்கவில்லை. ஆயினும் விதி இரு அணிகளுக்கும் முன்பே தெரிந்ததுதான். தோற்ற அணி ரன்னில் தோற்காமலே ஊர் திரும்பியது என்பதும் அந்த ஆட்டத்தைப் பற்றிய உண்மையின் ஒரு பகுதியே. ரோலெட்ஜைப் பற்றி எழுதும்போது 'வீழ்ந்தது' என்ற சொல்லைப் பயன்படுத்தாமல் இருப்பது நேர்மை.

பின்விளைவுகள்

அடுத்த ஆண்டுக் கோப்பை யார்க்‌ஷயரின் ஃபோர்ஜ் வேலிக்குப் போனது. இதுவரை வேறெந்த ஸ்காட்லாந்துக் கிராமமும் அதை வெல்லவில்லை.

ஸ்காட்லாந்துக் கிரிக்கெட்டின் அன்றைய நிலையோடு வைத்துப் பார்க்கும்போதுதான் ஃப்ரூக்கியின் பருவம் எவ்வளவு விநோதமானது என்பது விளங்கும். தேசிய அணி 1980 முதல் பென்சன் அண்ட் ஹெட்ஜஸ் கோப்பையிலும் 1983 முதல் நாட்வெஸ்ட் கோப்பையிலும் இங்கிலாந்துக் கவுண்டி அணிகளுக்கு எதிராக ஆடிவந்தது; 1985 பருவம் முடியும்வரை ஒரு கவுண்டியையும் அந்தப் போட்டிகளில் வென்றிருக்கவில்லை. ஐசிசியில் இணை உறுப்பினராகத் தனித்து நுழைந்தது 1994இல்; முதல் உலகக் கோப்பை 1999இல். அதாவது, நாட்டின் தேர்ந்தெடுத்த பதினொருவர் கவுண்டிகளிடம் ஆண்டுதோறும் தோற்றுக்கொண்டிருந்த காலத்தில், ஆயிரத்துச் சொச்சம் பேர் வாழும் ஊரின் பதினொருவர் இங்கிலாந்துக் கிராமங்களைத் தாண்டி லார்ட்ஸில் கோப்பையைத் தூக்கினார்கள். 1986 மே மாதம் பெர்த்தில் தேசிய அணி லங்காஷயரை 3 ரன்களில் வென்று, கவுண்டிக்கு எதிரான முதல் வெற்றியைப் பெற்றது. இரண்டு அணிகளின் ஆட்களும் வேறு, தரமும் வேறு. எனவே ஒன்று மற்றதற்குக் காரணம் என்று சொல்வதற்கில்லை. ஆனால் இங்கிலாந்து அணியொன்றைக் கோப்பை ஆட்டத்தில் முடிவுவரை நெருக்கி வெல்ல முடியும் என்ற செய்தி, எட்டு மாதங்களுக்கு முன்பே ஃபைஃபிலிருந்து ஸ்காட்லாந்து முழுவதும் போய்ச் சேர்ந்திருந்தது.